யப்பான்காரன் திருமலைக்கு வந்தது பிடிக்கவா, அடிக்கவா?

தம்பி, நீங்கள் அனுப்பிய நாவல் அத்தியாயங்களை வாசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். 1942 ஏப்ரலில் யப்பான் விமானங்கள் திருகோணமலையில், அதாவது நம் திருமலையில், குண்டு போட்ட காலத்துக் கதை, டொக்யாட்டில் (கடற்படைக் கப்பல்பட்டறையில்) வேலை செய்யும் இளைஞன் நாயகன். அதை வைத்து உங்கள் வாசகர் வட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்ததாகச் சொல்லியிருந்தீர்கள். திருமலையைப் பிடிக்கத்தான் யப்பான் வந்தது, வெள்ளைக்காரன் அடித்து விரட்டினான் என்கிறார் ஒருவர். இறங்கியிருந்தால் ஒரே நாளில் பிடித்திருப்பார்கள், கையில் வந்ததை விட்டுவிட்டுப் போனார்கள் என்கிறார் இன்னொருவர். சீனக்குடாவில் எண்ணெய்க் குதத்தில் (எண்ணெய்த் தாங்கியில்) மோதிய விமானத்தைக் 'கமிகாசி', தற்கொலைத் தாக்குதல், என்று எழுதலாமா, பாத்திரங்கள் 'ரேடார்' என்று பேசலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி அத்தியாயத்தில் நாயகன் கோணேசர் கோயில் வாசலில் நின்று பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸ் மூழ்குவதைப் பார்க்கிறான், அது சரிவருமா என்பதும் ஒரு கேள்வி.

முதல் கேள்விதான் பெரியது. உங்கள் நண்பர்கள் இருவரும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். அந்த ஏப்ரலில் யப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் படையில் இறங்குவதற்கு ஆட்களே இல்லை. அக்காகி, சோரியு, ஹிரியு, ஷொக்காக்கு, சுய்காக்கு என்று ஐந்து விமானந்தாங்கிகள், காவலுக்குப் போர்க்கப்பல்கள், குரூசர்கள், நாசகாரிகள். படைவீரர்களை ஏற்றிய கப்பல் ஒன்றுகூடக் கூட வரவில்லை. ஐந்து விமானந்தாங்கியை வைத்து ஒரு துறைமுகத்தை எரிக்கலாம். பிடித்து வைத்திருக்க முடியாது.

அப்படியானால் பிடிக்கும் எண்ணமே இருந்ததில்லையா? இருந்தது. 1942 பெப்ரவரியில் நகுமோவுக்கும் மேலான தளபதி யமமோட்டோவின் கீழிருந்த கடற்படை அதிகாரிகள் இலங்கையைக் கைப்பற்றும் திட்டம் ஒன்றைப் போட்டார்கள். அதற்குத் தரைப்படை வேண்டும். தரைப்படைத் தலைமை ஆட்களைத் தர மறுத்துவிட்டது. சீனாவில் லட்சக்கணக்கில் சிப்பாய்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சூரியாவில் சோவியத் எல்லையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரும்படை வேண்டியிருந்தது, பர்மாப் போரும் முடிந்திருக்கவில்லை. யப்பானின் தரைப்படையும் கடற்படையும் ஒன்றோடொன்று எப்போதும் இழுபறியில்தான் இருந்தன. அந்த இழுபறிதான் நம் ஊரைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. பிடிக்கும் திட்டம் சுருங்கி, அடித்துவிட்டுத் திரும்பும் திட்டமானது. பிரித்தானியரின் கிழக்குக் கடற்படையைத் துறைமுகத்துக்குள்ளேயே வைத்து, அமெரிக்கக் கடற்படைக்குப் பேர்ள் துறைமுகத்தில் செய்ததுபோல முடித்துவிட வேண்டும். அதுதான் நகுமோவுக்குக் கொடுத்த வேலை.

இதையெல்லாம் உங்கள் நாயகன் அறிந்திருக்க மாட்டான். அவனைப் பொறுத்தவரை யப்பான்காரன் பிடிக்கத்தான் வருகிறான். 1941 டிசெம்பரில் இரண்டு பெரிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மலாயாக் கடலில் தாண்டுபோயின. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8இல் ரங்கூன், மார்ச் 23இல் அந்தமான். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அடுத்தது நாங்கள்தான். லண்டனும் அப்படித்தான் நினைத்தது. மத்திய கிழக்கிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவுஸ்திரேலியப் படையிலிருந்து இரண்டு பிரிகேட்டுகளைப் பிடித்து இலங்கையில் இறக்கினார்கள். மலாயா போன பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைக்கும் பெரிய இடமென்று மிஞ்சியது இலங்கைதான். எகிப்துக்கும் இந்தியாவுக்கும் போகும் கப்பல்பாதையும் நம் பக்கத்தால்தான் போகிறது. ஆகவே பாத்திரங்கள் பயப்படட்டும், 'அடுத்த கிழமை இறங்கிவிடுவான்' என்று தேநீர்க்கடையில் பேசட்டும். கதைசொல்லியின் குரலில் மட்டும் 'யப்பானியர் தரையிறங்க முயன்று தோற்றனர்' என்று எழுதிவிடாதீர்கள்.

இனி, வெள்ளைக்காரன் அடித்து விரட்டினானா என்பது. விரட்டவில்லை. கொழும்பிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். கிழக்குக் கடற்படையின் தளபதி அட்மிரல் சொமவில், ஏப்ரல் 1ஆம் திகதியளவில் தாக்குதல் வரும் என்று தகவல் கிடைத்து, கப்பல்களை எல்லாம் கூட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எவரும் வரவில்லை. அவரிடமிருந்த நாலு பழைய 'ஆர்' வகைப் போர்க்கப்பல்களில் குடிதண்ணீர் தீரத் தொடங்கியது. எண்ணெயும் எடுக்க வேண்டும். கொழும்புக்கோ திருமலைக்கோ திரும்பாமல் மாலைதீவின் தெற்கு முனையில் இரகசியமாக அமைத்திருந்த அட்டுத் தீவுத் தளத்துக்குப் போனார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த ஏப்ரல் 4ஆம் திகதி மாலையில்தான், கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சலின் கட்டலினா வேவு விமானம் நகுமோவின் படையைக் கண்டது. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. பேர்ச்சல் பிடிபட்டார், போர் முடியும்வரை கைதியாக இருந்து உயிரோடு திரும்பினார்.

மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. அன்றே தென்மேற்குக் கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு குரூசர்களும் மூழ்கின. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9 வியாழக்கிழமை, திருமலைக்கு வந்தார்கள். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் திருமலைத் தாக்குதலை 'ஈஸ்டர் தாக்குதல்' என்று எழுதியிருக்கிறீர்கள். திருமலைக்கு அது பொருந்தாது. 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தச் சொல்லை இலங்கையில் எவர் வாசித்தாலும் மனம் வேறு இடத்துக்குப் போய்விடும், அதை எடுத்துவிடுங்கள்.

திருமலைக்கு முன்னெச்சரிக்கை கிடைத்தது. 8ஆம் திகதியே இன்னொரு கட்டலினா நகுமோவைக் கண்டுவிட்டது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்களில் ஓடக்கூடியவற்றை வெளியே அனுப்பினார்கள். காலை ஏழரை மணியளவில் நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தன. தலைமை தாங்கி வந்தவர் புச்சிடா, பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கும் அவர்தான் தலைமை. சீனக்குடாவிலிருந்து பிரித்தானியரின் ஹரிகேன் போர்விமானங்கள் நேரத்தோடு மேலெழுந்து சண்டை போட்டன. எழுந்தவற்றில் ஏறக்குறையப் பாதி விழுந்தன. டொக்யாட், விமானத்தளம், எண்ணெய்க் குதம் எல்லாவற்றிலும் அடி. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற கப்பல் தீப்பிடித்தது. 1943இல் அதை உட்துறைமுகத்திலேயே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 2018இல் கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்காக வேலைசெய்து அதை மேலே எடுத்தார்கள், அந்தப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துருவும் சிப்பியும் ஏறிய அந்த உடல் நீருக்கு மேலே தெரிகிற படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் நாலாம் அத்தியாயத்தைத் திருத்துங்கள். அங்கே 'சிறிய சரக்குப் படகு' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏழாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்.

கணக்குப் போட்டால் அன்று அடி வாங்கியது பிரித்தானியர்தான். ஆனால் நகுமோ எதற்காக வந்தாரோ அது நடக்கவில்லை. சொமவிலின் பெரிய கப்பல்கள் ஒன்றுமே அவர் கையில் சிக்கவில்லை. என் கருத்தில் சொமவில் அந்தக் கிழமை செய்த மிகச் சரியான காரியம் சண்டையைத் தவிர்த்தது. அவரிடம் இருந்த விமானங்களை வைத்துப் பகலில் நகுமோவோடு மோதியிருந்தால் கிழக்குக் கடற்படை முழுதும் கடலுக்கு அடியில் போயிருக்கும். இரவில் நெருங்கி டோர்பிடோ போடலாம் என்றே அவர் நம்பியிருந்தார், அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் செய்த பெரிய பிழை, ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணி இரண்டு குரூசர்களையும் ஹெர்மிஸையும் தனித்தனி வேலைக்குப் பிரித்து அனுப்பியது. மூன்றும் போயின. உங்கள் கதையில் வரும் ஆங்கில அதிகாரி சொமவிலைக் கோழை என்று திட்டுகிறார். அப்படித் திட்டிய அதிகாரிகள் இருந்திருக்கலாம், அது பாத்திரத்தின் உரிமை. கதை முழுவதும் அந்தத் தீர்ப்பிலேயே நிற்பது நியாயமில்லை.

நகுமோ பக்கத்தில் வேறொன்று இருக்கிறது, நாவலாசிரியருக்குப் பொன்னான விஷயம். கொழும்பை அடித்த அன்று, இரண்டாம் தரம் அடிப்பதற்காக விமானங்களில் தரைக்குண்டு மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டிருக்கும்போதே கடலில் குரூசர்களைக் கண்டதாகச் செய்தி வந்தது. கழற்று, கப்பலுக்குரியதை மாட்டு என்று குழப்பம். ஏப்ரல் 9 காலையில் பிரித்தானியரின் ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் அக்காகிக்கு மேலே வந்து குண்டு போட்டன. குண்டு தண்ணீரில் விழுந்து வெடிக்கும்வரை கீழே ஒருவரும் கவனிக்கவில்லை. குறி தப்பியது, திரும்பும் வழியில் அவற்றில் பாதியளவை யப்பானியர் வீழ்த்தினார்கள். இரண்டு மாதம் கழித்து பசிபிக் கடலில் அமெரிக்கரோடு நடந்த மிட்வே சண்டையில் இதே ஆயுதம் மாற்றும் குழப்பமும் இதே கவனக்குறைவும் சேர்ந்து வந்தபோது, அக்காகியும் சோரியுவும் ஹிரியுவும் மூழ்கின. நம் கடலில் வந்த எச்சரிக்கையை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யப்பானிய விமானி ஒருவரையும் பாத்திரமாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அவர் வாயிலாக இதைச் சொல்லலாம். சந்தேகம் அவருக்கு அன்றே வந்திருக்கலாம், மிட்வே என்ற பெயரைத்தான் அவர் அறிந்திருக்க முடியாது.

திருமலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் நாயகனின் தாத்தா 'உலகத்திலேயே பெரிய துறைமுகம்' என்று பதில் சொல்கிறார். தாத்தாக்கள் அப்படிச் சொல்வார்கள்தான். உண்மையான காரணம் காற்று. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரையில் சென்னை, புதுச்சேரி, நாகபட்டினம் எல்லாமே திறந்த கடல். வாடைக்காற்று தொடங்கினால் ஒரு கடற்படை அங்கே நங்கூரமிட்டு நிற்க முடியாது, பழுது பார்க்க பம்பாய்வரை சுற்றிப் போகவேண்டும். போய்த் திரும்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். திருமலை மட்டும் எந்தக் காற்றுக்கும் கப்பலைக் காப்பாற்றும். அதனால்தான் 1782இல் ஒரே வருடத்தில் கோட்டை இரண்டு தரம் கைமாறியது. ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள், ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பறித்தார். ஆங்கிலத் தளபதி ஹியூஸ் செப்டெம்பர் 2ஆம் திகதி வந்து பார்த்தால் கோட்டையில் பிரெஞ்சுக்கொடி. மறுநாள் வெளியே கடற்சண்டை நடந்தது, கோட்டை பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. உங்கள் தாத்தா இந்தக் கதையைச் சொல்வதானால் 'பிரெட்ரிக் கோட்டை' என்ற பெயர் 1782இல் இல்லை என்பதைக் கவனியுங்கள், அது 1803இல் வைத்தது. தாத்தா 1942இல் இருந்து பேசுவதால் அவர் வாயில் வரலாம், சுஃப்ரன் வாயில் வரக்கூடாது.

விமானம் வந்தபிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. காற்றிலிருந்து காப்பாற்றிய அதே மலைகளுக்கு நடுவே கப்பலை நிறுத்தினால், மேலிருந்து வருகிறவனுக்கு அசையாத குறி. துறைமுகத்தைக் காப்பாற்றப் போதுமான விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் அப்போது இல்லை. சொமவில் அட்டுவுக்குப் போனதற்கும், 8ஆம் திகதி இரவு கப்பல்களை வெளியே அனுப்பியதற்கும் அடியில் இருந்தது இதுதான். ஏப்ரலுக்குப் பிறகு கடற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரையில் கிலிண்டினிக்குப் போய்விட்டது. 1944இல்தான் திரும்பி வந்து, திருமலையிலிருந்தே சுமாத்திராவின் சபாங்கை அடித்தார்கள். உங்கள் நாவல் 1944வரை போகுமானால் அந்தப் பகுதியில் உங்களுக்கு நிறையச் சரக்கு இருக்கிறது. அந்த ஓகஸ்டில் மிதக்கும் கப்பல்துறை ஒன்று வேலியன்ட் என்ற போர்க்கப்பலைத் தூக்கி வைத்திருந்தபடியே உடைந்து மூழ்கியதும் இதே துறைமுகத்தில்தான்.

அப்புறம் கமிகாசி. இந்தச் சொல்லை விடச்சொல்வதற்கு எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் திருமலையில் வழிகாட்டிகள் முதல் பாடசாலைப் பிள்ளைகள் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சீனக்குடாவின் மேட்டுப்பகுதியில், காட்டுக்குள் வரிசையாக நிற்கும் குதங்களில் 91ஆம் இலக்கத்துக்குரியது அன்று எரிந்தது. நாட்கணக்காக எரிந்ததாகச் சொல்வார்கள். அனுமதி எடுத்துக்கொண்டு போய் ஒருதரம் பாருங்கள். மற்றக் குதங்கள் வட்டமாக நிமிர்ந்து நிற்க, அந்த இடத்தில் இரும்புத் தகடு சூட்டில் இளகி, மடிந்து, நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்தவர் எவருக்கும் வேண்டுமென்றே மோதியிருப்பான் என்றுதான் தோன்றும்.

கமிகாசி என்பது ஒரு படைப்பிரிவின் ஏற்பாடு. 1944 ஒக்டோபரில், பிலிப்பைன்ஸைக் காப்பாற்ற முடியாத நிலையில், திரும்பி வராத பயணத்துக்கென்றே விமானிகளைத் தெரிவுசெய்து அனுப்பியது அது. தோற்றுக்கொண்டிருக்கும் நாட்டின் உபாயம். 1942 ஏப்ரலில் யப்பான் வென்றுகொண்டிருந்தது. பழகிய விமானிகள்தான் அதன் பெரிய சொத்து, அவர்களைத் திரும்பக் கொண்டுவரவே விரும்பியது. சீனக்குடாவில் மோதிய விமானத்துக்கும் திரும்பிப்போகத்தான் கட்டளை. அடிபட்ட விமானத்தில் இருப்பவன், இனித் தப்ப வழியில்லை என்று தெரிந்த கணத்தில், கண்ணில்பட்ட இலக்கை நோக்கித் திருப்புவது வேறு. பேர்ள் துறைமுகத்திலேயே ஈடா என்ற விமானி எரிபொருள் ஒழுகத் தொடங்கியதும் விமானத்தளத்தை நோக்கிப் பாய்ந்தார். அதை யப்பானியர் 'ஜிபாகு' என்பார்கள், தன்னைத் தானே வெடித்துக்கொள்வது. திருமலையில் மோதியது அப்படி வேண்டுமென்றா, கட்டுப்பாடு இழந்தா என்பதை உங்கள் நாயகன் கீழே நின்று எப்படி அறிவான்? அவன் காண்பது புகை கக்கிக்கொண்டு வரும் ஒரு விமானம், குதம், பிறகு நெருப்பு. அவ்வளவையும் எழுதி, கூட நிற்பவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லட்டும். கமிகாசி என்று நீங்கள் எழுதினால் வாசகன் உடனே ஒரு கட்டளையையும் சடங்கையும் நெற்றிப்பட்டியையும் கற்பனை செய்வான், அந்த விமானிக்கு அன்று என்ன நேர்ந்திருக்கும் என்று யோசிக்கவே மாட்டான்.

ரேடார் சின்ன விஷயம், ஆனால் சரியாகச் செய்யலாம். 1942இல் பிரித்தானியர் அதை 'ஆர்.டி.எஃப்.' என்றுதான் சொன்னார்கள், ரேடார் என்ற அமெரிக்கச் சொல்லை அவர்கள் ஏற்றது 1943இல். ஆங்கில அதிகாரி ஆர்.டி.எஃப். என்று சொல்லட்டும். டொக்யாட் இளைஞன் இரண்டையும் சொல்லக்கூடாது, அந்தக் கருவி இரகசியம். அவனுக்குக் கேட்பது சைரன், தெரிவது ஏ.ஆர்.பி. என்ற வான்தாக்குதல் பாதுகாப்பு ஆட்கள். யப்பான் விமானங்களை 'கேட்', 'வால்' என்று உங்கள் அதிகாரி அடையாளம் சொல்கிறார், அந்தப் பட்டப்பெயர்கள் பிறகு வந்தவை. ஸீரோ என்ற பெயர் சரி. மவுன்ட்பேட்டனை இரண்டு இடத்தில் குறிப்பிடுகிறீர்கள். அவர் தென்கிழக்காசியத் தளபதியானது 1943இல், கண்டிக்கு வந்தது 1944இல். 'ரோயல் சிலோன் நேவி' 1950இல் தொடங்கியது. 'இலங்கை' என்று எழுதுவதில் ஒரு தவறும் இல்லை, தமிழில் நாம் எப்போதும் அப்படித்தான் சொல்லி வந்தோம். 'சிறீலங்கா' மட்டும் 1972க்கு முன் வேண்டாம்.

கடைசியாக ஹெர்மிஸ். இதில் இரண்டு சிக்கல். இன்று நாம் கும்பிடும் கோணேசர் கோயில் 1942இல் இல்லை. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். மண்ணுக்குள் இருந்த வெண்கல விக்கிரகங்கள் கிணறு வெட்டும்போது கிடைத்தது 1950இல், புதுக்கோயிலின் கும்பாபிஷேகம் 1963இல். 1942இல் அங்கே இருந்தது படையினரின் கோட்டை. அதன் முனையில் சுவாமி மலை, பாறை விளிம்பில் சனம் பூசை செய்து கடலுக்குப் படையல் இடும் வழக்கம். கோபுரத்தையும் வாசலையும் எடுத்துவிட்டு அந்தப் பாறைப் பூசையை வைத்தால் காட்சி இன்னும் நன்றாக வரும்.

இரண்டாவது, அந்தப் பாறையில் நின்றாலும் ஹெர்மிஸ் தெரியாது. 8ஆம் திகதி இரவு துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன கப்பல், மறுநாள் காலையில் யப்பானிய வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. திருமலைக்குத் திரும்பிவரச் சொல்லிக் கட்டளை போனது. அதன் சொந்த விமானங்கள் கரையில் நின்றுவிட்டன, விமானமில்லாத விமானந்தாங்கியாகத்தான் அது வந்துகொண்டிருந்தது. முற்பகல் பத்தரைக்குப் பிறகு மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைலில் வைத்து அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூழ்கியது, கப்டன் ஒன்ஸ்லோவோடு 307 பேர் இறந்தார்கள். கூட வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரியும் போனது. அந்த இடம் திருமலையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். சுவாமி மலை உச்சியிலிருந்து கடலின் தொடுவானம் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றரில் முடிந்துவிடும்.

உங்களுக்கு அந்தக் காட்சி வேண்டுமென்றால் வழி இருக்கிறது. நாயகனின் மாமா மட்டக்களப்பில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கல்லடிக் கடற்கரையில் நிறுத்துங்கள். தூரத்துப் புகையும் வெடிச்சத்தமும் அவருக்கு வரும். பிறகு நீந்தியே கரைசேர்ந்த ஒருசிலர். மீதிப்பேரை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் பொறுக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. மூழ்கியது என்ன கப்பல் என்று மாமாவுக்கே அன்று தெரிந்திருக்காது. போர்த் தணிக்கை இருந்த காலம். சில நாட்கள் கழித்து நாயகன் கேட்பது மாமாவின் கடிதத்திலோ, மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவர் வாயிலோ, பெயரில்லாத ஒரு பெரிய தட்டைக் கப்பலைப் பற்றித்தான். முதல் நாள் வரை டொக்யாட்டில் அதற்குத் தண்ணீரும் சாமானும் ஏற்றியவர்களில் தானும் ஒருவன் என்று அவன் கண்டுபிடிக்கட்டும். திருத்திய அத்தியாயத்தை அனுப்புங்கள் தம்பி, நான் வாசிக்கிறேன்.